மலையில் ஹாஸ்பிஸ் தேடுகிறவர்களுக்கு: எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது

"இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்." கோவையிலோ வேலூரிலோ இதைக் கேட்டுவிட்டு, ஒரு கட்டு ரிப்போர்ட்டோடு மலை ஏறி வருகிற குடும்பங்கள் நீலகிரியில் நிறைய. அந்த வாக்கியத்தின் முதல் பாதி தவறு. நோயைக் குணமாக்கும் வேலைதான் முடிந்திருக்கிறது. வலி, மூச்சுத்திணறல், புண், தூக்கமின்மை, பயம் எல்லாவற்றுக்கும் செய்ய வேண்டியது இப்போதுதான் தொடங்குகிறது. அதைச் செய்கிறவர்களைத்தான் ஹாஸ்பிஸ், பாலியேட்டிவ் கேர், அரசு மொழியில் நோய் ஆதரவு சிகிச்சை என்கிறோம்.

வீடுகளுக்குப் போகும் ஒரு குழுவோடு தொண்டராகப் போய்வருகிறேன். அங்கே பார்த்ததை வைத்து ஒன்று சொல்வேன்: ஒரு ஹாஸ்பிஸின் தரம் பகலில் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு வலி கூடினால் என்ன செய்வார்கள் என்பதுதான் தரம். கீழே உள்ள எல்லாக் கேள்விகளும் அந்த ஒன்றைச் சுற்றித்தான். மலையில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. தோட்டம், ஓடு வேய்ந்த பழைய பங்களா, ஜன்னலில் தேயிலைச் சரிவு என்று இடம் அழகாக இருந்தால் மனம் உடனே சரி சொல்லிவிடும். படுத்த படுக்கையாக இருப்பவர் பார்க்கப்போவது பெரும்பாலும் கூரையைத்தான்.

முதல் படி: நோயாளியையும் வீட்டையும் பாருங்கள்

எங்கே இருக்க விரும்புகிறார் என்று நோயாளியிடமே கேளுங்கள். பலர் கேட்பதில்லை. பிள்ளைகள் கூடி முடிவெடுத்துவிடுகிறார்கள். வீட்டில்தான் என்றால் வாரம் ஒருமுறையோ இருமுறையோ வீட்டுக்கு வரும் குழு வேண்டும். வீட்டில் ஆளில்லை, அல்லது வலி வீட்டில் கட்டுப்படவில்லை என்றால் தங்கவைத்துப் பார்க்கும் இடம் வேண்டும். தேயிலை பறிக்கப் போகும் வீடுகளில் காலை ஏழரைக்குப் பிறகு சாயங்காலம் வரை பெரியவர் தனியாகத்தான் கிடப்பார். அப்படியானால் "வீட்டில் பார்க்கிறோம்" என்பது யாருடைய கூலியை விட்டு என்று முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

அப்புறம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எங்கே வலி, எந்த நேரத்தில் கூடுகிறது, என்ன மாத்திரை, விழுங்க முடிகிறதா, புண் இருக்கிறதா, டியூப் ஏதும் இருக்கிறதா, வாசல் வரை வண்டி வருமா. கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பல ஹட்டிகளின் (படுகர் ஊர்கள்) மேல் வரிசைக்கும் படிக்கட்டு மட்டுமே வழி. ஸ்ட்ரெச்சர் திரும்பாத வளைவுகள் உண்டு.

நுரையீரல் நோயாளியைக் கீழிருந்து மேலே கொண்டுவருகிறீர்கள் என்றால் உயரத்தையும் கணக்கில் எடுங்கள். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் விரல் மானி கோவையில் 96 காட்டியிருந்தால் இங்கே 92, 93 காட்டலாம். அதைப் பார்த்துப் பதறுகிறார்களா, நோயாளிக்கு மூச்சு சிரமமாக இருக்கிறதா என்று பார்க்கிறார்களா என்பதே உங்கள் குழுவைப் பற்றி ஒரு சேதி சொல்லும். தேறிய குழு என்றால் முகத்தில் காற்று படும்படி விசிறச் சொல்லும். மூச்சுத்திணறலுக்கு இது நன்றாகவே உதவுகிறது. ஊட்டி வீடுகளில் ஃபேன் இருக்காது. அட்டை விசிறி போதும்.

இரண்டாம் படி: யார் யார் இருக்கிறார்கள்

அரசிலிருந்து தொடங்குங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் வீட்டுக்கே வந்து தரும் நோய் ஆதரவு சிகிச்சையும், இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால்தான் வருவார்கள். பிரஷர் மாத்திரை கொடுக்க வரும் தன்னார்வலரிடமே சொல்லலாம். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, குன்னூர் லாலி மருத்துவமனை, கூடலூர் அரசு மருத்துவமனை ஆகிய இடங்களில் நேரில் போய் "நோய் ஆதரவு சிகிச்சை யார் பார்க்கிறார்கள்" என்று கேளுங்கள். போனில் கேட்டால் பல நேரம் சரியான ஆளிடம் போய்ச் சேராது.

கூடலூர், பந்தலூர் பக்கம் பழங்குடிக் குடும்பங்களுக்கு கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை நல்ல தொடக்கம். அதே பக்கம் எல்லை தாண்டினால் வயநாடும் மலப்புறமும். ஊர்க்காரர்களே பணம் போட்டு, ஊர்க்காரர்களே வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் முறை கேரளத்தில் ஆழமாக வேர் விட்டிருக்கிறது. கோழிக்கோட்டில் 1993-ல் ஒரு சிறு கிளினிக்காகத் தொடங்கியது அது. 2008-ல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. அந்தக் குழுக்கள் பஞ்சாயத்து வாரியாக இயங்குவதால் தமிழ்நாட்டு எல்லைக்குள் வருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வராவிட்டாலும் புறநோயாளியாகப் போய் மருந்து வாங்க முடியுமா என்று விசாரிக்கலாம்.

சிகிச்சை பெற்ற கோவை மருத்துவமனையையும் விடாதீர்கள். அங்கே வலி நிவாரணப் பிரிவு இருந்தால், மலையில் யாரிடம் அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. முதியோர் இல்லம் வேறு, ஹாஸ்பிஸ் வேறு. சாப்பாடு போட்டு, டயப்பர் மாற்றி, படுக்க வைப்பது மட்டும் ஹாஸ்பிஸ் ஆகாது. பலகையில் என்ன எழுதியிருந்தாலும், டாக்டர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: மார்ஃபினைப் பற்றிக் கேளுங்கள்

போனில் கேட்க ஒரே ஒரு கேள்விதான் அவகாசம் என்றால் இதைக் கேளுங்கள்: "உங்களிடம் மார்ஃபின் மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்குமா?"

புற்றுநோயின் கடும் வலிக்கு பாராசிட்டமால், டிராமடால் தாண்டிய பிறகு பெரும்பாலும் தேவைப்படுவது மார்ஃபின்தான். போதைப்பொருள் சட்டம் 1985-ல் வந்தபின் நாடு முழுக்க அது கிடைக்காமல் போனது. ஒரு மாத்திரை வாங்கப் பல துறைகளின் உரிமம் தேவைப்பட்ட காலம் அது. 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அங்கீகாரம் போதும். அப்படி அங்கீகாரம் பெற்ற நிறுவனம்தான் வாங்கி வைக்கவும் கொடுக்கவும் முடியும். ஆகவே "அங்கீகாரம் வாங்கியிருக்கிறீர்களா" என்று தயங்காமல் கேட்கலாம். இல்லை என்றால், உங்கள் ஆளுக்கு மார்ஃபின் தேவைப்படும் நாளில் எங்கிருந்து வரவழைப்பார்கள் என்று அடுத்த கேள்வி. "அதெல்லாம் தேவைப்படாது" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

இருக்கிறது என்று சொல்கிறவர்களையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம். எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி வந்தபின் கொடுப்பது முறையல்ல. படுக்கப் போகும்போது வழக்கமாக இரட்டை அளவு, நடு இரவில் எழுப்பாமல் இருக்க. இடையில் வலி எகிறினால் கூடுதலாக ஒரு வேளை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கே மாறும். கூடவே மலமிளக்கி கட்டாயம், ஏனென்றால் மார்ஃபின் கொடுத்தால் மலச்சிக்கல் வந்தே தீரும். குமட்டலைப்போல் சில நாளில் பழகிப்போகாது. மார்ஃபினைப் பற்றிப் பேசுகிறவர் தானாகவே மலமிளக்கியைப் பற்றியும் பேசினால் நம்பலாம். வேலை தெரிந்த ஆள் என்பதற்கு இதைவிட எளிய அடையாளம் எனக்குத் தெரியாது.

"மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்", "அடிமையாகிவிடுவார்" என்ற பேச்சு வீட்டுக்குள்ளிருந்தே வரும். வலிக்கேற்ப அளவைச் சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுத்தால் இரண்டும் நடப்பதில்லை என்று நல்ல குழு உட்கார்ந்து விளக்கும். பெரியப்பா, சித்தப்பா எல்லாரையும் கூட்டிவைத்து விளக்கச் சொன்னாலும் சலிக்காது. எல்லா வலிக்கும் ஒரு ஊசி, எல்லாச் சோர்வுக்கும் ஒரு பாட்டில் ட்ரிப் என்று பழக்கப்பட்ட இடம் என்றால், அங்கே பாலியேட்டிவ் பயிற்சி பெற்றவர் யாரும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பயிற்சியைப் பற்றி நேராகக் கேட்பதில் தவறில்லை. எம்.டி. பட்டமே இப்போது உண்டு. ஆனால் அது வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மலையில் யாரும் கிடைக்கமாட்டார்கள். டாக்டரும் நர்ஸும் ஓர் அங்கீகரிக்கப்பட்ட பாலியேட்டிவ் மையத்தில் குறைந்தது பத்து நாளாவது நேரடிப் பயிற்சி எடுத்திருந்தால் தொடங்கப் போதும். ஆறு வாரப் பயிற்சி என்றால் இன்னும் நல்லது.

நான்காம் படி: இரவும் மழையும்

அவர்கள் கொடுக்கும் அவசர எண்ணுக்கு, சேருவதற்கு முன்பே ஒருநாள் இரவு பத்து மணிக்கு மேல் கூப்பிட்டுப் பாருங்கள். தொந்தரவு செய்வதாக நினைக்க வேண்டாம். எடுப்பவர் நோயாளிகளை அறிந்த நர்ஸா, வாட்ச்மேனா? "காலையில் கூப்பிடுங்கள்" என்கிறாரா, நோயாளியைப் பற்றிக் கேட்கிறாரா? இது ஒன்றே பாதி முடிவைத் தந்துவிடும்.

பிறகு, வர முடியாத இரவுக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். கூடலூரிலிருந்து ஊட்டி ஏறக்குறைய 50 கிலோமீட்டர், காட் ரோடு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்தப் பக்கம் மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி, பர்லியார் பக்கம். 2009 நவம்பர் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், மேட்டுப்பாளையம் சாலை நாள்கணக்கில் மூடிக்கிடந்தது. அவ்வளவு பெரிதாக வேண்டாம், ஒரு மரம் சாய்ந்தாலே போதும், அன்று யாரும் வரமாட்டார்கள். ஆகவே முன்கூட்டியே வீட்டில் மருந்து வைத்துப் போகும் குழு வேண்டும். வலி எகிறினால் எது, வாந்தி வந்தால் எது, தொண்டையில் கரகரவென்று சளி சேர்ந்தால் எது, குழப்பமாகப் பேசினால் எது என்று தனித்தனிக் கவரில், தமிழில் எழுதி. விழுங்க முடியாமல் போனால் தோலுக்கடியில் சிறு ஊசி குத்தி மருந்து கொடுக்க வீட்டில் ஒருவருக்குக் கற்றுத்தருவார்களா என்றும் கேளுங்கள்.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வாடகைக்குத் தருகிறவர்களிடம் கரண்ட் போனால் என்ன வழி என்று கேட்க மறக்காதீர்கள். காற்றடிக்கும் மாதங்களில் கரண்ட் போகும், அதுவும் இரவில்தான் போகும். மாற்று சிலிண்டரும் அதைத் திறக்கும் சாவியும் வீட்டிலேயே இருக்க வேண்டும்.

கோவையிலிருந்து வாரம் ஒருமுறை மேலே வரும் குழுக்கள் விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. திறமையான ஆட்களாக இருக்கலாம். ஆனால் மலையிலேயே தங்கியிருக்கும் ஒரு நர்ஸாவது அவர்களோடு இல்லையென்றால் மீதி ஆறு நாளும் நீங்கள் தனியாகத்தான் இருப்பீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம். 2024 மே முதல் வெளி மாவட்ட வண்டிகள் நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டும், நீலகிரிப் பதிவெண்ணான டி.என். 43 வண்டிகளுக்கு வேண்டாம். கடைசி நாளில் சென்னையிலிருந்து காரில் ஓடிவரும் மகன் செக்போஸ்டில் நிற்காமல் இருக்க, இதை முன்பே சொல்லிவையுங்கள்.

ஐந்தாம் படி: நேரில் போய்ப் பாருங்கள்

தங்கவைக்கும் இடம் என்றால், சொல்லாமல், மாலை நாலு மணிவாக்கில் போங்கள். காலையில் குளிப்பாட்டி, விரிப்பு மாற்றி எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். கட்டில் கட்டிலாகப் பாருங்கள். தண்ணீர் டம்ளர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, உதடு காய்ந்து வெடித்திருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா, குதிகால் மெத்தையில் அழுந்திக்கிடக்கிறதா. கை கால்களைக் கட்டிவைத்திருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். திருப்பிப் படுக்கவைக்கும் அட்டவணை கட்டிலருகே தொங்கினால், கடைசியாக எத்தனை மணிக்கு எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நாலு மணிக்கே ஆறு மணி வரை நிரப்பியிருந்தால் அந்த அட்டவணைக்கு மதிப்பில்லை.

வாடையைப் பற்றி. மார்பு, வாய்ப் புற்றுநோய்ப் புண்கள் நாறும். நோயாளியே கூனிக்குறுகிப் போவார், பேரப்பிள்ளைகள் கிட்ட வரமாட்டார்கள். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினால் சில நாளில் அந்த நாற்றம் அடங்கும். சில ரூபாய்ச் சமாச்சாரம். இதைச் செய்யாமல் ஊதுபத்தி கொளுத்திவைத்திருக்கும் இடத்தில் புண்ணைக் கவனிக்கத் தெரிந்தவர் இல்லை.

வீட்டுக்கு வரும் குழு என்றால், முதல் முறை வரும்போது கட்டுப்போடுவதைக் கூடவே நின்று பாருங்கள். கோத்தகிரிப் பக்கம் ஒரு லைன் வீட்டில் எங்களோடு வந்த நர்ஸ், உள்ளே நுழைந்ததும் செய்த முதல் வேலை சலைன் பாட்டிலை வெந்நீர்ச் சட்டியில் வைத்தது. டிசம்பர் குளிரில் சலைன் ஐஸ்போல இருக்கும். அதைப் புண்ணில் ஊற்றினால் உயிர் போகும். கிளம்பும்போதே போன் செய்து, "அரைமணி முன்னாடி வலி மாத்திரை கொடுத்திடுங்க" என்றும் சொல்லியிருந்தார். பழைய கட்டை நனைத்து, ஊறவிட்டு, ஓரத்திலிருந்து மெல்ல எடுத்தார். மலையில் எந்த நர்ஸையும் நான் அளப்பது அந்த வெந்நீர்ச் சட்டியை வைத்துத்தான்.

குளிருக்கு என்ன செய்கிறார்கள் என்றும் பாருங்கள். சர்க்கரை நோயில் உணர்ச்சி போன காலில் வெந்நீர்ப் பை வைத்தால் தோல் வெந்துபோவது அவருக்கே தெரியாது. மூடிய அறைக்குள் கரி கணப்பு எரிப்பது அதைவிட மோசம். அந்தப் புகையில் தூக்கத்திலேயே உயிர் போகும். ஆக்சிஜன் ஓடும் அறை என்றால் தீ ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

மொழியைக் கேளுங்கள். ஹட்டியில் வளர்ந்த எண்பது வயது ஹெத்தைக்கு (பாட்டிக்கு) தமிழ் நன்றாகவே வரும், ஆனால் வலியில் படுகு மொழி மட்டும்தான் வரும். பணியர், இருளர் வீட்டுப் பெரியவர்களுக்கும் அப்படியே. அந்த மொழி பேசும் ஒரு ஆயாவாவது அங்கே இருக்கிறாரா? வீட்டிலிருந்து உதக்கா (படுகர் வீட்டு அவரைக் குழம்பு) கொண்டுவந்து இரண்டு வாய் ஊட்டினால் தடுப்பார்களா? எந்த மதத்தவர் நடத்தினாலும், பிரார்த்தனையில் விருப்பப்பட்டவர்கள் மட்டும் சேர்ந்தால் போதுமா? மலையில் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம். கேட்பதால் நல்ல இடம் எதுவும் கோபித்துக்கொண்டதில்லை.

ஆறாம் படி: காகிதமும் காசும்

தங்கவைக்கும் இடத்துக்குத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவுச் சான்று இருக்க வேண்டும். நர்ஸுக்கு மாநில நர்சிங் கவுன்சில் பதிவு இருக்க வேண்டும். ஏஜென்சிகள் அனுப்பும் "ஹோம் நர்ஸ்" பலர் பராமரிப்பாளர்கள்தான். அன்பாகப் பார்த்துக்கொள்வார்கள், ஊசி போடக் கூடாது.

கட்டணத்தை எழுதி வாங்குங்கள். கட்டில் வாடகைக்குள் டயப்பர், ஆக்சிஜன், கட்டுப்போடும் சாமான் அடங்குமா? முன்பணத்தில் மீதி திரும்புமா? இலவசம் என்றால் நன்கொடை எப்போது, எவ்வளவு எதிர்பார்ப்பார்கள்? காப்பீட்டுத் திட்டம் செல்லுமா என்பதற்கும் வாய்ச்சொல் போதாது.

வென்டிலேட்டர் வேண்டாம் என்று நோயாளி நினைத்தால், தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கலாம். 2018-ல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்து. இதைப் பற்றி நோயாளியிடம் பேச உங்கள் குழுவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏழாம் படி: இறப்பைப் பற்றியும் இப்போதே கேளுங்கள்

வீட்டில் இறந்தால் சான்று யார் தருவார்கள்? மருத்துவமனைக்கு வெளியே நேரும் இறப்புக்கு, பார்த்துவந்த டாக்டர் காரணத்தை எழுதி 4ஏ படிவம் தர வேண்டும். அது கையிலிருந்தால் கிராமத்தில் வி.ஏ.ஓ.விடமும் ஊரில் நகராட்சி, பேரூராட்சியிலும் 21 நாளுக்குள் பதிவது சுலபம். இல்லாவிட்டால் இன்சூரன்ஸ், பென்ஷன் எல்லாவற்றிலும் அலைச்சல். "இரவில் இறந்தால் காலை எத்தனை மணிக்குள் டாக்டர் வருவார்" என்று கேளுங்கள். மீதமிருக்கும் மார்ஃபினை எண்ணித் திரும்ப வாங்குகிறார்களா என்பதும் தரத்தின் அடையாளம்தான். சாவுக்குப் பிறகு ஒருமுறையாவது வந்து வீட்டாரைப் பார்க்கும் குழுக்கள் உண்டு. அப்படிப்பட்டது கிடைத்தால் விடாதீர்கள்.

சேர்ந்த பிறகு

ஒரு நோட்டு போடுங்கள். காலை, மாலை, இரவு வலி பத்துக்கு எத்தனை, தூங்கினாரா, வெளிக்குப் போனாரா. மூன்று வரி போதும். இரண்டு மூன்று நாளில் எண் இறங்கத் தொடங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் நோட்டைக் காட்டி அளவை மாற்றச் சொல்லுங்கள். "இந்த நோய்க்கு வலி இருக்கத்தான் செய்யும்" என்று பதில் வந்தால் அடுத்த இடத்துக்குப் போன் செய்யுங்கள். புகார் என்றால் 104 எண்ணிலும், மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலும் சொல்லலாம். முதியோருக்கான உதவி எண் 14567.

மாறுவதென்றால், பழைய இடத்திலிருந்து மார்ஃபின் அளவு, கடைசியாகக் கொடுத்த நேரம், கட்டுப்போட்ட நாள், டியூப் மாற்றிய நாள் எல்லாம் எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். புதிய இடத்தின் டாக்டர் பார்த்து எழுதும் வரைக்குமான மாத்திரையும் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிஸ்சார்ஜுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். திங்கள் காலை வரை மலையில் எங்கேயும் மார்ஃபின் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.